ஊர்த் தண்ணீரை ஊரே அளப்பது எப்படி? சேலத்தில் ஆய்வு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சேலம் மாவட்டத்தில் எந்த ஊரில் பேச்சுக் கொடுத்தாலும் தண்ணீரையோ காற்றையோ பற்றி ஒரு மனக்குறை வெளியே வரும். திருமணிமுத்தாற்றங்கரையில் சாயக்கழிவைச் சொல்வார்கள். ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீரின் புளித்த வாடையைச் சொல்வார்கள். கருப்பூரை ஒட்டிய ஊர்களில் வெள்ளைக்கல் தூசியைப் பற்றியும், ஏற்காட்டு மலைக் கிராமங்களில் மழைக்குப் பின் கலங்கி வரும் ஊற்றுநீரைப் பற்றியும் பேச்சு இருக்கும். அந்தந்த ஊர்க்காரர்களுக்கு அதைப் பற்றி யாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனாலும் மனுவோடு போனால் முதலில் எதிர்ப்படும் கேள்வி, "ஆதாரம் என்ன?" என்பதுதான். அந்தக் கேள்விக்கான பதிலை ஊரே தயாரிக்க முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், வார்டு உறுப்பினர்கள் என்று யார் தொடங்க நினைத்தாலும் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் "சேலத்தில் மாசும் மக்கள் நலமும்" என்ற அளவில் ஒரு தலைப்போடு வருகிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் இறங்குவது, எதை அளப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. கேள்வி இப்படி இருக்கட்டும்: "எங்கள் பஞ்சாயத்தில் குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு எவ்வளவு? அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் கறை கூடுதலாக இருக்கிறதா?" இதற்கு ஒரு வருடத்தில் பதில் கிடைக்கும்.

முதல் ஆய்வுக்கு ஃபுளோரைடை நான் பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் உண்டு. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடினப் பாறைகளில் ஃபுளோரைடு கொண்ட கனிமங்கள் இருக்கின்றன. பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தங்கும் நிலத்தடி நீர் அதைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இதில் குற்றவாளி என்று ஒரு தொழிற்சாலையைச் சுட்டத் தேவையில்லை என்பதால் ஊருக்குள் சண்டை வராமல் வேலை நடக்கும். அளப்பது எளிது. உடலிலும் அது அடையாளம் விட்டுச் செல்கிறது. ஆனால், "எங்கள் ஊரில் புற்றுநோய் அதிகமா?" என்ற கேள்வியை, அது எவ்வளவு வலி நிறைந்ததாக இருந்தாலும், முதல் ஆய்வாக எடுக்காதீர்கள். ஓராயிரம் பேர் வாழும் ஊரில் இரண்டு மூன்று பேருக்கு வருவதும் ஐந்து பேருக்கு வருவதும் தற்செயலாகவே நேரக்கூடும். அந்த எண்ணிக்கையை வைத்து எதையும் நிறுவ முடியாது. அதற்கு மாவட்ட அளவிலான பதிவேடும் மருத்துவர் குழுவும் வேண்டும்.

இரண்டாம் படி: ஏற்கெனவே இருக்கும் தாள்களைத் திரட்டுங்கள்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் பொதுக் குடிநீர் ஆதாரங்களைச் சோதிக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் மாவட்ட அறிக்கைகளை வெளியிடுகிறது. மழைப்பொழிவு விவரம் ஏற்காடு, ஓமலூர், மேட்டூர், ஆத்தூர் என நிலையம் வாரியாகக் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்குக் கணக்கு இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகத்திலும் உள்ளூர்க் கல்லூரிகளிலும் பழைய ஆய்வேடுகள் தூசி படிந்து கிடக்கின்றன. நூலகரிடம் கேட்டால் எடுத்துத் தருவார்.

கேட்டும் கிடைக்காத தாளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். அதில் கருத்துக் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று எழுதினால் பதில் வராது. "இன்ன ஆலைக்கு வழங்கப்பட்ட இசைவாணையின் (இயங்குவதற்கான அனுமதியின்) நகல், இன்ன இரண்டு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட கழிவுநீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்" என்று எழுதினால் மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் எடுத்துத் தரக்கூடிய ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாம் படி: நடந்து பார்த்து வரைபடம் போடுங்கள்

பாட்டிலை எடுப்பதற்கு முன் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு எண் கொடுங்கள். ஆழம், தோண்டிய வருடம், யார் யார் பயன்படுத்துகிறார்கள், சாக்கடையோ கழிவறைக் குழியோ மாட்டுத் தொழுவமோ எத்தனை அடி தூரம் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இருப்பிடத்தைக் கைபேசியிலேயே பதிந்துகொள்ளலாம். ஊரில் வயதானவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஏரி எதுவரை நின்றது, எந்த வாய்க்கால் எப்போது அடைபட்டது, எந்தக் கிணறு எந்த வருடம் உப்பேறியது என்று அவர் கைநீட்டிச் சொல்வது எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது. அதை எழுதிக்கொண்டு, பிறகு இஸ்ரோவின் புவன் தளத்தில் உள்ள செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிடுங்கள்.

நான்காம் படி: மாதிரி எடுப்பது

முழு ஆய்வின் மதிப்பும் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஆய்வகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாட்டிலுக்குள் தவறான தண்ணீர் போனால் தவறான எண்தான் வெளியே வரும்.

அடிபம்பிலோ மோட்டாரிலோ முதலில் வருவதைப் பிடிக்காதீர்கள். அது இரவெல்லாம் குழாய்க்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர். ஐந்து நிமிடமாவது ஓடட்டும். அதைக் குடங்களில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோடையில் தண்ணீரைத் தரையில் ஓடவிட்டு நின்றவர்களுக்கு அந்தத் தெருவில் மறுமுறை வரவேற்பு இருக்காது. பிறகு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடி பாட்டில் வேண்டாம். கிணற்று எண், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் நான்கையும் அழியாத மையில் எழுதி பாட்டிலின் உடம்பில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால் பத்துப் பாட்டில்களைத் திறந்து மூடும்போது மூடிகள் இடம் மாறிவிடும்.

கிருமிச் சோதனைக்கு வேறு பாட்டில் வேண்டும். கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகமே தரும். அதை அலசக் கூடாது, மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. குளோரின் கலந்த தண்ணீருக்கான பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். குளோரின் வழியிலேயே கிருமிகளைக் கொன்று முடிவை மாற்றிவிடாமல் அது பார்த்துக்கொள்ளும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், அன்றே சேர்த்தால் இன்னும் நல்லது. ஏற்காட்டு ஊற்றுகளில் எடுப்பவர்கள் விடியற்காலையில் வேலையைத் தொடங்கினால்தான் 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சேலத்தில் ஆய்வகம் மூடுவதற்குள் சேர முடியும். சனிக்கிழமை மாதிரி எடுப்பதாக இருந்தால் முன்னதாகவே ஆய்வகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்து மாதிரிக்கு ஒன்றை இரண்டு பாட்டில்களில் பிடித்து, வெவ்வேறு எண் போட்டு அனுப்புங்கள். இரண்டு முடிவும் ஒத்துப்போனால் உங்கள் கை மீதும் ஆய்வகத்தின் மீதும் நம்பிக்கை வைக்கலாம். மாதிரிகளை மே மாதத்தில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரியில் ஒரு முறை என எடுக்க வேண்டும். ஒரே ஒரு கோடை எண்ணைக் காட்டினால், "மழை பெய்தால் சரியாகிவிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

பஞ்சாயத்துகளில் கள ஆய்வுப் பெட்டிகள் இருக்கின்றன. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்ப் பெண்களுக்கே அதில் பயிற்சி தரப்படுகிறது. ஃபுளோரைடுச் சோதனையில் தண்ணீரின் நிறம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளை நோக்கி நகர்ந்தால் அளவு கூடுகிறது என்று பொருள். எல்லாக் கிணறுகளையும் பெட்டியால் சோதித்துவிட்டு, சந்தேகத்துக்குரியவற்றையும் நல்லவையாகத் தெரியும் சிலவற்றையும் மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் செலவு குறையும்.

டிடிஎஸ் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்திகரிப்பு எந்திரம் விற்க வருபவர்கள் பேனா போன்ற அந்தக் கருவியைத் தண்ணீரில் தோய்த்து எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை அது தோராயமாகச் சொல்லும். ஃபுளோரைடு எவ்வளவு, கிருமி உண்டா என்பது அதற்குத் தெரியாது. எண் குறைவாக இருக்கும் மலை ஊற்றில் மலக்கிருமி இருக்கலாம். எண் கூடுதலாக இருக்கும் உப்புத் தண்ணீரில் ஃபுளோரைடு வரம்புக்குள் இருக்கலாம்.

ஐந்தாம் படி: அறிக்கையைப் படிப்பது

இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 (2012) கையில் இருக்கட்டும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. மொத்தக் கரைபொருள் (டிடிஎஸ்) 500, மாற்று இல்லாதபோது 2000. நைட்ரேட் 45, இதற்குத் தளர்வு கிடையாது. 100 மில்லி தண்ணீரில், மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நைட்ரேட்டில் ஒரு பொறி இருக்கிறது. சில ஆய்வகங்கள் நைட்ரேட்டாகவே எழுதும், சில "நைட்ரேட் நைட்ரஜன்" என்று எழுதும். இரண்டாவதை 4.43 ஆல் பெருக்கினால்தான் முதலாவது கிடைக்கும். அறிக்கையில் நைட்ரஜனாக 12 என்று இருப்பதைப் பார்த்து "45க்குக் கீழே, பயமில்லை" என்று சொல்லிவிட்டால், உண்மையில் 53 உள்ள தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னதாகிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைக்கிறது. உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ போகாது, தண்ணீர் வற்றும் அளவுக்குச் செறிவு கூடவே செய்யும். வீட்டுக்கு வீடு இதைச் சொல்லுங்கள். "நாங்கள் காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்று நிம்மதியாக இருக்கும் தாய்மார்கள் நிறையப் பேர்.

ஆறாம் படி: வீடுகளில் கேட்பது

தெரிந்தவர் வீடுகளுக்கு மட்டும் போகாதீர்கள். பட்டியல் போட்டு ஐந்துக்கு ஒரு வீடு என்று போங்கள். பூட்டியிருந்தால் மாலையில் மறுபடி போங்கள். தறி ஓடும் தெருக்களில் தறிச் சத்தம் நின்ற பிறகுதான் பேச முடியும். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. "இந்தக் கெட்ட தண்ணீரால் உங்களுக்கு என்னென்ன நோய்?" என்று கேட்டால் பதிலை நீங்களே வாயில் போட்டுவிட்டீர்கள். உடல்நலத்தை முதலில் கேளுங்கள், தண்ணீரைப் பிறகு கேளுங்கள். வயிற்றுப்போக்கைக் கடந்த இரண்டு வாரத்துக்குள் மட்டும் கேளுங்கள். அதற்கு முந்தையது யாருக்கும் சரியாக நினைவிருக்காது.

தண்ணீரைப் பற்றிய கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும்.

"குடிக்க எந்தத் தண்ணீர், அம்மா?"

"கேன் தண்ணீர்தான், தம்பி."

"சோறு வடிக்க?"

"அதற்கெல்லாம் கேன் வாங்கிக் கட்டுபடியாகுமா? போர் தண்ணீர்தான்."

முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் இந்த வீடு "பாதிப்பில்லாத" பட்டியலில் சேர்ந்திருக்கும். சோறு, குழம்பு, டீ மூன்றும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆகும்போது ஃபுளோரைடு அந்த வழியில் உள்ளே போகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களிலும், எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, வராத நாளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால்தான் முழுப்படம் கிடைக்கும்.

பல் கறையை நீங்களே முடிவு செய்யாதீர்கள். பல் மருத்துவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். டீன் அளவுகோலை வைத்து அவர் தரம் பிரிப்பார். ஃபுளோரைடுக் கறை பெரும்பாலும் இருபுறமும் ஒத்த பற்களில், படுக்கைவாட்டில் வரும். புகையிலைக் கறையும் துலக்காத பல்லின் கறையும் வேறு. நிலைப்பற்களின் எனாமல் உருவாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள். அந்த வயதில் எந்தத் தண்ணீரைக் குடித்தார்களோ அதுதான் பல்லில் பதியும். ஆகவே, "பிறந்ததிலிருந்து இதே ஊரா?" என்ற கேள்வி இல்லாத படிவம் பயனற்றது. வேறு ஊரிலிருந்து மருமகளாக வந்தவரின் பற்கள் அவர் பிறந்த ஊர்த் தண்ணீரைத்தான் சொல்லும்.

இசைவு பெறாமல் ஒரு வீட்டுக்குள்ளும் நுழையாதீர்கள். எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், விருப்பமில்லையென்றால் பாதியில் நிறுத்தலாம் என்பதைத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். குழந்தைகளின் விஷயத்தில் பெற்றோர் இசைவோடு குழந்தையின் சம்மதமும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ரத்தம், சிறுநீர் எடுக்க நினைத்தால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் கூடாது. அதற்குக் கல்லூரியையோ மருத்துவக் கல்லூரியையோ கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். படிவத்தில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும், பெயர்ப் பட்டியல் தனியாகப் பூட்டிய இடத்தில் இருக்கட்டும். பல் கறையால் பெண் பார்க்க வருபவர்கள் திரும்பிப் போகும் ஊர்களில் ஒரு புகைப்படம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தொட்டுவிடும்.

ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள்

ஒரு தெருவில் 10 பேருக்கு வயிற்றுப்போக்கு, இன்னொன்றில் 5 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் தெருவில் 400 பேர், இரண்டாவதில் 100 பேர் என்றால் நிலைமை மோசமாக இருப்பது இரண்டாவது தெருவில்தான். மொத்த ஆட்களை எண்ணாமல் நோயாளிகளை மட்டும் எண்ணுவது புதியவர்களிடம் நான் மிக அதிகமாகப் பார்க்கும் குறை. ஒப்பிடுவதற்கு எடுக்கும் ஊர் வருமானத்திலும் தொழிலிலும் உங்கள் ஊரைப் போலவே இருந்து, தண்ணீரில் மட்டும் வேறுபட வேண்டும்.

காரணம் சொல்லும்போது பாறையை மறக்காதீர்கள். கருப்பூர்ப் பக்கத்து மேக்னசைட் (வெள்ளைக்கல்) பாறை வகையில் மெக்னீசியமும் குரோமியமும் இயற்கையாகவே உண்டு. அங்கே ஒரு கிணற்றில் குரோமியம் தென்பட்டால் பாறையும் காரணமாக இருக்கலாம், தொழிற்சாலைக் கழிவும் காரணமாக இருக்கலாம். நிலத்தடி நீரோட்டத்தின் மேற்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் மாதிரி எடுத்துப் பார்க்காமல் ஒரு ஆலையின் பெயரை எழுதினால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்த அறிக்கையையும் தள்ளிவிடுவார்கள்.

காற்றுக்கும் மலைக்கும் சில குறிப்புகள்

சேலம் நகரம் சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை ஆகியவற்றுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. குளிர்கால விடியலில் புகையும் தூசியும் தாழத் தங்கும். மலிவான காற்றுத் தூசிக் கருவிகள் ஈரப்பதம் மிகுந்த வேளையில் அளவைக் கூட்டிக் காட்டும். ஆகவே அவற்றை அரசுக் கண்காணிப்பு நிலையத்துக்கு அருகில் இரண்டு வாரம் வைத்துச் சரிபார்த்த பிறகே ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய தூசிக்கு நம் நாட்டு வரம்பு 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஒரு நிமிட எண்ணை அதோடு ஒப்பிடுவது தவறு.

மலைக் கிராமங்களில் ஊற்றுநீரின் கிருமியோடு, மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில், புதர்களில் இருக்கும் சிறு உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலையும் கவனியுங்கள். காபித் தோட்ட வேலை, விறகு, புதர் வெட்டுதல் என்று யார் எங்கே போனார்கள் என்ற கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு உடலில் கருத்த பொருக்கு போன்ற சிறு புண் இருப்பதாக யாராவது சொன்னால், படிவத்தை மூடிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். ஆய்வு காத்திருக்கலாம். மலையாளிப் பழங்குடிக் கிராமங்களில் ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் பேசி, ஊரைக் கூட்டிச் சொன்ன பிறகு வீடுகளுக்குப் போவதுதான் மரியாதை.

முடிவுகள் யாருக்கு முதலில்?

வீட்டுக்காரர்களுக்குத்தான் முதலில். செய்தித்தாளில் படித்துத் தங்கள் கிணற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது. கிணற்று எண், அளவு, வரம்பு, இப்போது என்ன செய்யலாம் என்று அரைப்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "விஷக் கிணறு" போன்ற சொற்கள் வேண்டாம். "இந்தத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் ஆகும், குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்" என்றால் யாருக்கும் புரியும்.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஒரே ஒரு கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்: "இன்ன எண்ணுள்ள மூன்று கிணறுகளுக்கு மாற்றாகக் கூட்டுக் குடிநீர் இணைப்பு." பிறகு அந்தத் தீர்மான நகலோடும் ஆய்வக அறிக்கைகளோடும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இணைப்பு வந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். இம்முறை குழாயடியில் ஒரு மாதிரி, அடுப்படிக் குடத்தில் ஒரு மாதிரி. குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கிறதா, குடத்தில் ஈ.கோலை இல்லாமல் இருக்கிறதா, சோறு இப்போது எந்தத் தண்ணீரில் வேகிறது என்று மூன்றையும் பாருங்கள். புதிய எண்களைப் பழைய எண்களுக்குப் பக்கத்துக் கட்டத்தில் எழுதி, பெயர்கள் நீக்கிய பிரதி ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் இன்னொன்றை ஊர்ப் பள்ளியிலும் கொடுத்து வையுங்கள்.